வஞ்சிரம் வறுவலுக்கு எந்த ஒயின்?

அன்புள்ள சார்,

நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். எங்கள் தெருவில் ஓர் ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக், கல்கல்லோடு வீட்டில் போட்ட திராட்சை ஒயின் ஒரு பாட்டில் கொடுப்பார். எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் பிடிக்கும்.

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை நான்கு குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுகிறோம். கடை ஒயினும் வரும். போன தடவை ஆன்ட்டி கொடுத்ததையும் எடுத்து வைத்தேன். நண்பர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ஒயினே இல்லை, இருமல் மருந்து" என்றார். அவர் கொண்டுவந்த சிவப்பு ஒயின் எனக்கு ஒரே துவர்ப்பு. மீன் குழம்போடு குடித்தபோது வாயில் ஏதோ இரும்பு வாடை. எனக்கு ருசி தெரியவில்லை என்று எல்லோருமாக முடிவு கட்டிவிட்டார்கள். மாமியாருக்கோ, வீட்டில் போட்டது என்றாலே கள்ளச்சாராய பயம்.

வீட்டு ஒயின் நிஜமாகவே ஒயின் இல்லையா? நம் சாப்பாட்டுக்கு எது ஒத்துவரும்? நானே போட்டுப் பார்க்கலாமா? அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில். சாம்பார், வஞ்சிரம் வறுவல், மிளகுக் கோழி, தயிர் சாதம் என்று யோசித்திருக்கிறேன்.

ர., பெரம்பூர்

அன்புள்ள ர.,

உங்கள் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. சொல்லப்போனால் அந்த மேசையில் சரியாக ருசி பார்த்தவர் நீங்கள்தான். கடல் உணவோடு சிவப்பு ஒயின் குடித்தால் சிலருக்கு ஏன் அந்த வாடை வருகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடி, 2009இல் எழுதினார்கள். ஒயினில் கரைந்திருக்கும் இரும்புதான் காரணம். அது கடல் உணவில் இருக்கும் கொழுப்போடு சேர்ந்து மீன் நெடியைக் கிளப்புகிறது. இரும்பு கூடினால் நெடியும் கூடும். உங்கள் நண்பருக்கு ஒயின் தெரிந்திருக்கலாம், மீன் குழம்பை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடித்தது, நான்கு குடும்பங்கள் சேர்ந்து சாப்பிடுகிறோம் என்றது. சென்னையில் குடியின் வரிசை வேறு. முதலில் குடி. கூடவே மிக்சர், வேர்க்கடலை, சில்லி சிக்கன், ஆம்லெட். ஆண்கள் மொட்டை மாடியில், பெண்கள் கீழே ஹாலில். சாப்பாடு பத்தரை மணிக்கு மேல், அதுவும் கீழேயிருந்து யாராவது கோபமாகக் குரல் கொடுத்த பிறகு. பிராந்தியும் விஸ்கியும் இந்த வரிசைக்குப் பழகிவிட்டன. ஒயினை அந்த மாடிக்கு ஏற்றினால் வெறும் புளிப்பும் துவர்ப்பும்தான் தெரியும். "இதுல கிக்கே இல்லையே" என்று அரைமணியில் பாட்டிலைக் காலி செய்துவிட்டு வழக்கமானதற்குப் போய்விடுவார்கள். ஒயின் பிடிக்கவில்லை என்று சொல்லும் நம்மூர்க்காரர்களில் பாதிப்பேர் அதைச் சாப்பாட்டோடு குடித்துப் பார்த்ததே இல்லை என்பது என் சந்தேகம்.

சோறோ தோசையோ இலைக்கு வந்த பிறகுதான் ஒயினைத் திறக்க வேண்டும். ஒரு வாய் சாப்பாடு, ஒரு மடக்கு ஒயின், நடுவே தண்ணீர். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை வரும். எட்டுப் பேருக்கு இரண்டு பாட்டில் தாராளம். சாப்பாடு முடிந்தால் ஒயினும் முடிந்தது. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சரி, எது ஒத்துவரும்? ஒயின் புத்தகங்களில் இருக்கும் பொருத்தமெல்லாம் காரமும் புளியும் குறைந்த சாப்பாட்டுக்காக எழுதியது. நமக்கு அந்த இரண்டும்தான் முக்கியம். மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் சீண்டுகிறது. அதனால் 14 சதவீத ஒயினைக் காரக் குழம்புக்கு மேல் ஊற்றினால் காரம் இன்னும் ஏறும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிற டானின். எரியும் நாக்கில் அது இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும். லேசான இனிப்பு காரத்தை அடக்கும். புளி விஷயம் வேறு மாதிரி. சாப்பாடு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். ஆகவே நல்ல புளிப்பும், துளி இனிப்பும், குறைந்த ஆல்கஹாலும் உள்ள வெள்ளை ஒயின், நன்றாகக் குளிரவைத்தது. நம் சாப்பாட்டில் முக்கால்வாசிக்கு இது போதும். பிரியாணி என்றால் ரோஸே என்கிற இளஞ்சிவப்பு ஒயின். மெதுவடை, பஜ்ஜி மாதிரி எண்ணெயில் பொரித்ததற்கு நுரைக்கும் ஒயின் பிரமாதம். கருவாட்டுக் குழம்புக்கு ஒன்றுமே வேண்டாம், அதோடு எந்தப் பாட்டிலையும் மோதவிடாதீர்கள்.

இப்போது ஆன்ட்டியின் பாட்டில். பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். ஆனால் பொதுவாக ஒரு கிலோ கறுப்புத் திராட்சைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ சர்க்கரை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட். பீங்கான் ஜாடியில் போட்டுத் துணி கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிளறி, மூன்று வாரம் கழித்து வடிகட்டுவார்கள். தெளிவதற்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பவர்களும் உண்டு. உங்கள் நண்பர் கேட்டால் சிரிப்பார். பிரான்சின் போர்தோவிலும் சிவப்பு ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருதான் காலங்காலமாகப் பயன்பட்டது என்று அவரிடம் சொல்லுங்கள்.

அது ஏன் அவ்வளவு இனிக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால். மேலே சொன்ன அளவில் எல்லாச் சர்க்கரையும் நொதித்தால் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அதற்கு ரொம்ப முன்பே ஈஸ்ட் களைத்து நின்றுவிடும். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. போர்ச்சுகலில் போர்ட் ஒயினுக்கு நொதித்தலின் நடுவே திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்திவிடுகிறார்கள், அதனால் அதுவும் இனிப்பு. அதை உங்கள் நண்பர் இருமல் மருந்து என்று சொல்லமாட்டார். எது எப்படியோ, இரண்டையும் சாப்பாட்டுக்கு நடுவில் வைப்பது தப்பு. சாப்பாடு முடிந்து கேக்கோ, ரோஸ் குக்கியோ, வறுத்த முந்திரியோ வரும்போது சின்னக் கிளாஸில் ஒரு அவுன்ஸ். ஆன்ட்டி வீட்டில் அப்படித்தான் ஊற்றித் தருவார் என்று நினைக்கிறேன். நீங்கள் அதை மீன் குழம்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து வம்பில் மாட்டிவிட்டீர்கள். நம்மூரில் பெரும்பாலும் இதற்குப் போவது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். வெளிநாடுகளில் மஸ்கட் ஹாம்பர்க் என்கிற அதே ரகம். அந்த ரோஜா வாசனைக்காகவே எனக்கு வீட்டு ஒயின் மேல் ஒரு மரியாதை உண்டு. கடையில் கிடைக்கும் மலிவான 'போர்ட்' வகைகளில் அந்த வாசனை இல்லை, இனிப்பு மட்டும் உண்டு.

உங்கள் மாமியாரின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதைப் பார்த்தவருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் அங்கே கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். திராட்சை நொதிக்கும்போதும் பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற பசைப் பொருளிலிருந்து துளி மெத்தனால் உண்டாகும். அது எல்லா ஒயினிலும் இருப்பது, ஆளைச் சாய்க்கும் அளவு இல்லை. வீட்டு ஒயினில் பார்க்க வேண்டியது வேறு. பூஞ்சை வாடை அடித்தால் கொட்டிவிட வேண்டும். காற்றுப் பட்டு வினிகராகியிருந்தால் மூக்கே சொல்லிவிடும். நொதித்தல் முடியாமல் பாட்டிலில் இறுக்கி அடைத்திருந்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும், சென்னை வெயிலில் இது நடக்கக்கூடியது. திறக்கும்போது புஸ் என்று சத்தம் வந்தால் அடுத்த பாட்டிலை ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

நீங்களே போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது அதன்படி குற்றம். ஒரு ஜாடி போட்டாலும் தயாரிப்புதான். ஆகவே 'போடுங்கள்' என்று பொதுவில் நான் எழுத முடியாது. உங்கள் கடிதத்தில் இருந்த ஆன்ட்டியின் பெயரையும் தெருவையும் நானே எடுத்துவிட்டேன், கோபிக்காதீர்கள். அவர் கொடுப்பதை வைத்து வியாபாரம் பண்ணலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளைக் கிட்டே சேர்க்காதீர்கள்.

கை துறுதுறுக்கிறது என்றால் ஜிஞ்சர் ஒயின் போடுங்கள். அதில் நொதித்தலே இல்லை, ஆல்கஹாலும் இல்லை. 100 கிராம் இஞ்சியைத் தட்டி, இரண்டு காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு ஒரு லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். அரைக்கிலோ சர்க்கரையில் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்துக் கருக்கிச் சேர்த்தால் நிறம் வரும், மிச்சத்தை அப்படியே கரைத்துவிடலாம். ஆறியதும் வடிகட்டி மூன்று எலுமிச்சம்பழம் பிழியுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து, ஐஸோ சோடாவோ கலந்து கொடுக்கலாம். மாமியாரும் குடிப்பார், குழந்தைகளும் குடிப்பார்கள். எசென்ஸ் பாட்டில் வாங்கிக் கலப்பது சுலபம்தான், ஆனால் அதில் தொண்டையைப் பிடிக்கும் அந்த இஞ்சிக் காரம் வராது.

இதை வெளியிட்டதும் 'இது நம் பண்பாடா' என்று நாலு கடிதம் வரும். அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ரோமானியச் சாடிகளையும், புறநானூற்றின் 56ஆம் பாட்டில் யவனர் கொண்டுவந்த தேறலையும், அதாவது மதுவையும், காட்டி வாதாடலாம். எனக்கு அதில் ஆர்வமில்லை. குடிக்காதவர் குடிக்க வேண்டியதில்லை, மேசையில் அவருக்கும் பன்னீர் சோடாவோ மோரோ இருந்தால் போதும்.

கடையில் என்ன வாங்குவது? இறக்குமதிப் பாட்டிலின் விலையில் பெரும்பங்கு வரி. பல ஆண்டுகளாக நம் நாட்டில் ஒயினுக்குச் சுங்க வரியே 150 சதவீதமாக இருந்தது. அந்தக் காசுக்கு நாசிக், நந்தி மலை, சோலாப்பூர்ப் பக்கத்து இந்திய ஒயின் தரத்தில் குறையாது. சுலா என்ற நாசிக் கம்பெனியின் செனின் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயின் லேசான இனிப்போடு இருக்கும், சென்னைச் சாப்பாட்டுக்கு நான் முதலில் கைநீட்டுவது அதற்குத்தான். சிவப்பில் ஷிராஸ். கபர்னே வேண்டாம், நம் காரத்துக்கு அதன் டானின் அதிகம். வெயில் விழும் அலமாரியில் நிற்கும் பாட்டிலை வாங்காதீர்கள். சூட்டில் வெந்த ஒயினில் பழ வாசனை போய், காய்ச்சிய ஜாம் வாடை வந்துவிடும்.

சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' கொடு என்பார்கள். அது ஐரோப்பியக் குளிர்வீட்டின் அறை, 16, 18 டிகிரி. பெரம்பூரில் ராத்திரி எட்டு மணிக்கும் 30 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். சிவப்பை அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளையைக் காலையிலேயே வைத்துவிடுங்கள். கோப்பை வாங்கவில்லையென்றால் சாதாரணக் கண்ணாடி டம்ளர் போதும். வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளரில் வாசனை தங்காது.

உங்கள் சனிக்கிழமைக்கு வருகிறேன். வஞ்சிரம் வறுவல் கல்லிலிருந்து இறங்கியதும் எலுமிச்சை பிழிந்து முதலில் அதை வையுங்கள், செனின் பிளாங்கோடு. அப்புறம் மிளகுக் கோழியும் ஷிராஸும். இந்த ஜோடிக்குக் காரணம் இருக்கிறது. ஷிராஸில் வரும் மிளகு வாசனையும் நம் மிளகின் வாசனையும் ஒரே பொருள். ரொட்டண்டோன் என்று பெயர், ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்து 2008இல் எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே தெரியாது. உங்கள் கூட்டத்தில் யாருக்குத் தெரியவில்லை என்று பாருங்கள். நண்பராக இருந்தால் அதை வைத்து அவரை ஓட்ட வேண்டாம், ஒரு தடவை மட்டும் சொல்லிக்கொள்ளலாம். கோழியில் மிளகாய்த்தூளைக் குறைத்து மிளகைக் கூட்டுங்கள். சாம்பாரும் தயிர் சாதமும் வரும்போது கோப்பைகளை எடுத்துவிடலாம், அதோடு எதுவும் சேராது. கடைசியில் ஆன்ட்டியின் பாட்டில், சின்னக் கிளாஸில், பிளம் கேக்கோடு.

யாரெல்லாம் வண்டி ஓட்டி வருகிறார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மட்டுமே, இரண்டு கோப்பையில் பலருக்கு அது தாண்டிவிடும். ஓட்டுபவருக்கு ஜிஞ்சர் ஒயின். மற்றவர்களுக்கு ஆட்டோ. மிச்சம் இருக்கும் பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் மட்டன் ஊறவைக்கத்தான் ஆகும்.

அன்புடன்.