திறந்த சங்கிலி தானாக வளையமாகாதா? ஊக்கி எதற்கு?

கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரு காபன் சங்கிலி மூலக்கூறின் இரண்டு முனையிலும் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அவை தாமாகவே சேர்ந்து வளையமாகாதா?

ஆகாது, தம்பி. காபன்–காபன் இரட்டைப் பிணைப்பு வலுவானது, சும்மா சூடாக்கினால் கழன்று இடம் மாறாது. அங்கேதான் ருத்தேனிய ஊக்கி வேண்டும். அந்த உலோகம் முதலில் ஒரு முனையின் காபனைப் பிடிக்கிறது. அப்புறம் மறுமுனையோடு சேர்ந்து, உலோகமும் மூன்று காபனுமாக ஒரு நாற்கோண வளையம் சிறிது நேரம் உருவாகிறது. அது வேறு பக்கமாகப் பிரியும்போது நமது வளையம் மூடிவிடும், உலோகம் அடுத்த மூலக்கூறுக்குப் போகும். மிஞ்சுவது எதிலீன் வாயு. அது குமிழியாக வெளியேறுவதால் தாக்கம் பின்னோக்கித் திரும்பாது. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

இந்த வழிமுறையை 1971இல் சொன்னவர் பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஷோவான். அமெரிக்கர்களான கிரப்ஸ், ஷ்ரொக் இருவரோடும் 2005இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றார்.

வளையத்தின் அளவும் முக்கியம். பச்சை ஈர்க்கை வளைத்துப் பாருங்கள்: மிகக் குட்டையானது முறியப் பார்க்கும். ஐந்து, ஆறு அணு வளையங்கள் இலகுவாக மூடும். நீண்ட சங்கிலிக்கோ வேறு தொல்லை. வற்றாப்பளைப் பொங்கல் நெரிசலில் கையை நீட்டினால் பக்கத்து ஆளின் கைதானே அகப்படும்? அதேபோல ஒரு சங்கிலி அடுத்த சங்கிலியோடு கோத்துவிடும். அதனால்தான் பெரிய வளையங்களுக்குக் கரைசலை மிகவும் ஐதாக வைக்கிறார்கள். ஈரல் அழற்சி சி மருந்தாக இருந்த சிமெப்ரெவிரின் பெரிய வளையம் இப்படித்தான் மூடப்பட்டது.