பரந்தனில் சின்னம்மாவின் காணி: ஈசூனிலிருந்து என்ன செய்யலாம்?

கேள்வி: நான் ஈசூனில் வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமகள். என் சின்னம்மாவும் சித்தப்பாவும் கிளிநொச்சி, பரந்தன்காரர்கள். 1996 இல் இடம்பெயர்ந்து, மன்னார் வழியாகப் படகேறி, தமிழ்நாட்டு முகாமில் 23 ஆண்டுகள் இருந்தார்கள். 2019 இல் ஊர் திரும்பி, இன்றுவரை வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, பிள்ளைகள் இல்லை. சின்னம்மாவின் சீதனக் காணியில் வேறொரு குடும்பம் இருக்கிறது. காணியின் உறுதி (உரிமைப் பத்திரம்) தொலைந்துவிட்டது. 2012 இல் சித்தப்பாதான் முகாமிலிருந்து தொலைபேசியில், "நாங்கள் வரும்வரைக்கும் இருங்கோ" என்று அவர்களிடம் சொன்னாராம். இப்போது அவர்கள், "பத்து வருசம் கடந்துவிட்டது, காணி எங்களுடையது" என்கிறார்கள். சித்தப்பாவுடைய அப்பாவின் பெயரில் இரணைமடுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வயலும் உண்டு. இவர்களை இங்கே அழைத்துவந்து, தெரிந்தவரின் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு விடலாமா? இல்லையென்றால் அங்கே என் பெயரில் ஒரு வீடு வாங்கலாமா? கோயில் நண்பர்களிடம் பணம் திரட்டலாமா?

பதில்: அழைத்து வருவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. சிங்கப்பூர் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. போரில் வீடிழந்தவர்கள் என்பதற்காக இங்கே தங்கும் உரிமை யாருக்கும் கிடைக்காது. பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்கலாம். சின்னம்மா, சித்தப்பா அந்தப் பட்டியலில் இல்லை. சும்மா பார்க்க வரட்டும், தேக்காவைச் சுற்றட்டும், சிலோன் ரோடு செண்பக விநாயகரைக் கும்பிடட்டும். ஆனால் வருகை அனுமதியில் வந்தவர் கடையில் ஒரு நாள் வெங்காயம் நறுக்கினாலும் அது சட்டவிரோத வேலைதான். வேலை கொடுத்தவருக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலை செய்தவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அனுமதி முடிந்தபின் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தெரிந்தே தங்க வைத்தால் குறைந்தது ஆறு மாதச் சிறை உங்களுக்கு.

உணவகம் முறையாக வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தால் அது வேறு கதை. நாடு, வயது, சம்பளம் எல்லாம் பார்த்துத்தான் மனிதவள அமைச்சு தரும். கிடைத்தாலும் அந்த அனுமதியில் வருபவர் மனைவியை உடன் வைத்துக்கொள்ள முடியாது. "சின்னம்மாவை வீட்டுப் பணிப்பெண் என்று எழுதிவிடலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். முதலாளிக்கு உறவினராக இருப்பவருக்கு அந்த அனுமதி இல்லை. உறவை மறைத்து எழுதினால் அது பொய் அறிவிப்பு, தனிக் குற்றம்.

வீடு வாங்கும் யோசனையையும் விடுங்கள். இலங்கையின் 2014 ஆம் ஆண்டுக் காணிச் சட்டப்படி வெளிநாட்டவர் அங்கே காணி வாங்க முடியாது. நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசாக வருவது போன்ற சில விலக்குகள் உண்டு; காணியையோ தனி வீட்டையோ விலை கொடுத்து வாங்குவது அதில் வராது. நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகள், ஆகவே வெளிநாட்டவர். என்னிடம் வந்த ஒருவர் இதைச் சுற்றிப்போக மைத்துனர் பெயரில் வாங்கினார். மைத்துனர் கனடா போய்ச் சேர்ந்தார், காணியும் அவரோடு போன மாதிரிதான். வாங்கத்தான் வேண்டும் என்றால் பணத்தைச் சின்னம்மாவுக்கு அன்பளிப்பாகக் கொடுங்கள், அவர் பெயரிலேயே உறுதி எழுதட்டும்.

ஆனால் புதுக் காணிக்குப் பணம் தேடுவதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் காணியைப் பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அந்தத் தொலைபேசிப் பேச்சுதான். இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டு இடைவிடாமல் இருந்தவர் காணியைத் தன்னுடையது என்று கேட்கலாம். இதில் 'எதிராக' என்ற சொல்தான் முக்கியம். "இருங்கோ" என்று சொல்லி இருந்தவர், சொன்னவருக்கு எதிராக இருக்கவில்லை. அவருடைய அனுமதியில் இருக்கிறார். அனுமதியில் இருந்த காலத்தை எதிராக இருந்த காலமாக எண்ண முடியாது.

அதை நிரூபிப்பதுதான் சிரமம். அந்தப் பேச்சை அப்போது பக்கத்தில் இருந்து கேட்டவர் யார்? அதன்பின் அந்தக் குடும்பம் தேங்காய் விற்ற பணம் ஏதும் அனுப்பியதா, கிணறு வெட்டலாமா என்று கேட்டதா? அப்படி ஒரு துண்டுக் காகிதம் இருந்தால்கூடப் போதும். சித்தப்பா சண்டை பிடிக்காமல் போய்ப் பேசி, "இவர்கள் சொன்னதால் இருக்கிறோம்" என்று ஒரு வரி எழுதி வாங்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. முடியாவிட்டால் மத்தியஸ்த சபை. வடக்கில் காணித் தகராறுகளுக்கென்றே விசேட சபைகள் உண்டு. வழக்கு என்று போனால் அங்குள்ள சட்டத்தரணிதான் பேச வேண்டும். கையில் பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அப்புறம் உறுதி. தொலைந்தது சின்னம்மாவின் பிரதி மட்டுமே. நொத்தாரிசு தான் எழுதும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். கிளிநொச்சி 1984 இல்தான் தனி மாவட்டமானது. சீதனம் அதற்கு முன் எழுதப்பட்டிருந்தால் யாழ்ப்பாணப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். உறுதி இலக்கம் தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைக் கேட்டுப் பாருங்கள். அதில் "மேற்கு: இன்னாருக்குச் சொந்தமான காணி" என்று எல்லை எழுதியிருக்கும். இன்னார் சின்னம்மாவாகவோ உங்கள் பாட்டியாகவோ இருந்தால் அதுவும் ஒரு சாட்சி. சீதனக் காணி, வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சின்னம்மாவுடையது. ஆனால் விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ சித்தப்பாவின் சம்மதம் வேண்டும். கையெழுத்துப் போடும் இடத்துக்கு இருவரும் சேர்ந்தே போகட்டும்.

வயலின் கதை வேறு. இரணைமடுப் பக்கம் பெரும்பாலும் அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள்தான். அப்படியானால் எத்தனை ஆண்டு விதைத்திருந்தாலும் யாரும் அதை ஆட்சியுரிமையால் எடுக்க முடியாது, இது உங்களுக்குச் சாதகம். பாதகமும் ஒன்று உண்டு. பத்திரக்காரர் இறந்தால் அவர் பெயர் குறித்த பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணிக்குள் போக வேண்டும். சித்தப்பாவின் அப்பா இறந்தது இவர்கள் முகாமில் இருந்த காலத்திலா? அப்படியென்றால் போக முடியாத காரணத்தை எழுதி, பிரதேச செயலாளரிடம் உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முகாமின் குடும்ப அட்டை, திரும்பி வந்தபோது கிடைத்த ஐநா அகதிகள் ஆணையத்தின் கடிதம், இரண்டும் இருந்தால் இணையுங்கள். இருபத்து மூன்று ஆண்டு எங்கே இருந்தார்கள் என்பதற்கு அவைதான் ஆதாரம்.

பணம் திரட்டுவது: நீங்களும் அம்மாவும் உங்கள் சேமிப்பிலிருந்து அனுப்ப யார் அனுமதியும் தேவையில்லை. உரிமம் பெற்ற பணமாற்றுக் கடை வழியாகவோ வங்கி வழியாகவோ அனுப்பி, ரசீதை வைத்திருங்கள், உரிமம் இல்லாத 'உண்டியல்' ஆட்கள் வழியாக அனுப்பாதீர்கள். பொதுமக்களிடம் கேட்பது வேறு. வெளிநாட்டு அறப்பணிக்கு நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுவில் திரட்டியதில் செலவு போக மீதியில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பது வழமையான நிபந்தனை. விலக்கு வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு பேருக்காக இவ்வளவு தலைவலி எதற்கு? கோயில் வாசலில் தட்டு ஏந்தாமல் குடும்பத்துக்குள் கேளுங்கள். எனக்குத் தெரிந்து, உறுதிப் பிரதி எடுப்பதற்கும் ஒரு சட்டத்தரணியைப் பார்ப்பதற்கும் ஆகும் செலவு, இரண்டு பேருக்கு இங்கே வந்துபோகும் விமானச்சீட்டைவிட அதிகம் வராது.

இந்த வாரமே சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைப் பார்க்கும்போது எல்லை வரியை மட்டும் படமெடுத்து அனுப்பினால் போதாது. நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், தேதி மூன்றும் படத்தில் விழ வேண்டும். அதே நொத்தாரிசே சின்னம்மாவுக்கும் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்.