டோக்கியோவில் ஓர் இரவு உலா: வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானில் வழிகாட்டியுடன் நடக்கும் இரவுக் கார் உலா பற்றி ஓசூர் வாசகர் ஒருவர் கேட்டதற்குச் சென்ற இதழில் இரண்டே வரிகளில் பதில் சொல்லியிருந்தேன். அது போதவில்லை என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். முதல் கேள்வியையும் மீண்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வாகன உதிரிபாக ஆலையில் பணிபுரிகிறேன். இரண்டு மாதப் பயிற்சிக்காக யோகோஹாமா செல்லவிருக்கிறேன். இரவில் காரில் அழைத்துச் சென்று அந்நாட்டுக் கார் ரசிகர்களின் உலகத்தைக் காட்டும் உலாக்கள் அங்கு நடப்பதாக, முன்பு சென்று வந்த நண்பர்கள் சொல்கிறார்கள். அதில் அப்படி என்னதான் இருக்கிறது? பணம் கொடுத்துப் போகத் தகுந்ததா? (ஓசூர் வாசகர்)

பதில்: போகலாம். ஆனால் வேகத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். பெரும்பாலான உலாக்கள் மாலை ஏழு, எட்டு மணிக்கு டோக்கியோவின் மையப் பகுதியில் புறப்பட்டு, நகருக்குள் தூண்கள்மீது ஓடும் ஷுட்டோ விரைவுச்சாலையில் ஒரு சுற்று வந்து, 1993-இல் திறக்கப்பட்ட ரெயின்போ பாலத்தைக் கடந்து, கடலோரமாகச் செல்லும் வாங்கன் தடம் வழியே யோகோஹாமாவின் டாய்கோகு ஓய்விடத்தை அடைகின்றன. உள்வட்டச் சாலையில் பெரும்பகுதிக்கு வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர்தான். கடலோரத் தடத்தில் 80. நம் கிருஷ்ணகிரி – பெங்களூரு சாலையில் இதைவிட வேகமாகப் போகும் பேருந்துகளில் நீங்கள் தூங்கிக்கொண்டே பயணம் செய்திருப்பீர்கள். ஆனாலும் 1964 ஒலிம்பிக்கை மனத்தில் வைத்து, நிலம் கையகப்படுத்த நேரமில்லாமல் கால்வாய்களுக்கும் ஆறுகளுக்கும் மேலேயே அவசரமாகப் போட்ட சாலை என்பதால், கட்டடங்களின் மூன்றாம் மாடிச் சன்னல்களுக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து செல்லும் அந்தப் பயணம் ஐம்பதிலும் சலிக்காது.

உண்மையான காட்சி வண்டி நின்ற பிறகுதான் தொடங்குகிறது. டாய்கோகு என்பது கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவு. அங்கே விரைவுச்சாலைகள் பாம்புபோல் சுருண்டு ஒன்றோடொன்று இணையும் இடத்தின் நடுவில், கழிப்பறையும் உணவகமும் பானம் தரும் தானியங்கி இயந்திரங்களும் உள்ள சாதாரண வாகன நிறுத்துமிடம் ஒன்று இருக்கிறது. யாரும் விழா எடுப்பதில்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. இருந்தும் வார இறுதி இரவுகளில், பல ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துத் திருத்திய வண்டிகளை அவரவர் ஓட்டி வந்து வரிசையாக நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நம் ஊர்ச் சந்தையில் காளையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் முகத்தில் இருக்கும் அதே பெருமிதத்தை, சந்தையின் இரைச்சல் இல்லாமல் அங்கே பார்க்கலாம்.

எந்த வண்டியைத் தேடிப் பார்ப்பது என்று கேட்டால், முதலில் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் என்பேன். அதன் ஆர்32 வடிவம் வெளிவந்ததும், டாய்கோகுவுக்கு வழிவிடும் யோகோஹாமா பே பாலம் திறக்கப்பட்டதும் ஒரே ஆண்டில், 1989-இல். 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ கொண்ட அந்த இன்ஜினுக்கு நிறுவனம் அறிவித்த திறன் 280 குதிரைத்திறன். அதற்குமேல் எண்ணைச் சொல்வதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் எழுதப்படாத உடன்பாடு வைத்திருந்தன; 2004-இல்தான் அது முடிவுக்கு வந்தது. அறிவித்த எண்ணுக்கும் உண்மையான திறனுக்கும் இடையிலிருந்த அந்த இடைவெளியில்தான் இன்ஜினைத் திருத்தித் திறனைக் கூட்டும் சிறு பட்டறைகளின் புகழ் வளர்ந்தது. அடுத்து மாஸ்டா ஆர்எக்ஸ்-7. பிஸ்டனே இல்லாமல், முக்கோண வடிவச் சுழலி சுற்றும் இன்ஜின் அது; 1991-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதன்முதலாக வென்ற ஜப்பானிய வண்டியும் மாஸ்டாவின் சுழலி இன்ஜின் வண்டிதான். ஆலையில் வேலை செய்பவர் நீங்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் அந்த ஒலியை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கூட்டம் மிகுந்தாலோ, யாரேனும் இன்ஜினை உறுமவிட்டுத் தொல்லை தந்தாலோ காவல்துறை ஒலிபெருக்கியில் அறிவித்து இடத்தை மூடிவிடும். நான் சென்ற இரவில் ஒன்பது மணிக்கே அறிவிப்பு வந்துவிட்டது. அரை மணி நேரத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஹாரன் அடிக்காமல், ஒன்றையொன்று முந்தாமல், வரிசையாக வெளியேறியதையே இன்று அதிகம் நினைத்துக்கொள்கிறேன். ஆகவே பதிவு செய்யும்போதே, டாய்கோகு மூடியிருந்தால் மாற்றிடம் எது என்று கேட்டுவிடுங்கள். டோக்கியோ விரிகுடாவின் நடுவே, சுரங்கப்பாதை முடிந்து பாலம் தொடங்கும் இடத்தில் அமைந்த உமிஹோதாரு நல்ல மாற்று. தாட்சுமி ஓய்விடமும் அழகானதுதான். அதுவும் இரவில் அடிக்கடி மூடப்படுவதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: என் கணவர் அலுவல் நிமித்தம் டோக்கியோ செல்கிறார். இப்படியொரு உலாவுக்கு முன்பதிவு செய்திருக்கிறார். வந்த படத்தில் காரின் நம்பர் பிளேட் வெள்ளையாக இருக்கிறது. நம் ஊரில் ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால் சிக்கல் அல்லவா? அங்கு எப்படி? (தர்மபுரி வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கண்ணுக்குப் பட்டது உலாவுக்குப் போகும் பலரின் கண்ணில் படுவதில்லை. வண்ணங்கள் மட்டும் அங்கே வேறு. நமக்கு மஞ்சள் போர்டு என்றால் வாடகை வண்டி. பச்சை என்றால் மின்சார வண்டி. ஜப்பானில் கூலிக்கு ஆள் ஏற்ற உரிமம் பெற்ற வண்டிக்குப் பச்சை போர்டில் வெள்ளை எழுத்து இருக்கும். மஞ்சள் போர்டு ‘கே’ எனப்படும் சிறிய வகைச் சொந்தக் கார்களுக்குரியது. வெள்ளை போர்டு வழக்கமான சொந்த வண்டி. சொந்த வண்டியில் உரிமமின்றிப் பணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவதை அவர்கள் ‘ஷிரோதாக்கு’, அதாவது வெள்ளை டாக்சி என்பார்கள். 1951-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அது குற்றம். மாட்டிக்கொள்பவர் ஓட்டுநர்தான் என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்பீடு, கூலிப் பயணத்தில் நேரும் விபத்துக்குக் கைகொடுக்கும் என்று நம்பி ஏறுவது புத்திசாலித்தனமன்று.

இதில் ஒரு விலக்கு உண்டு. வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் கார்களுக்கும் வெள்ளை போர்டுதான். ஆனால் எண்ணுக்கு இடப்பக்கத்தில் ‘வா’ என்ற ஒலியுடைய ஜப்பானிய எழுத்து பெரும்பாலும் இருக்கும். சில உலாக்களில் வழிகாட்டி முன்னே ஒரு காரில் செல்ல, பயணிகள் வாடகைக் காரைத் தாங்களே ஓட்டிக்கொண்டு வாக்கி-டாக்கியில் அவர் சொல்வதைக் கேட்டுப் பின்தொடர்கிறார்கள். ஆகவே உங்கள் கணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வண்டியை ஓட்டப்போவது யார்? அவர்கள் ஓட்டுவதென்றால் பச்சை போர்டு இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் பதிவை ரத்து செய்துவிடலாம்.

திரும்பி வரும் வழியையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். டாய்கோகு ஓய்விடத்துக்கு விரைவுச்சாலை வழியாக மட்டுமே வர முடியும். நடந்து வெளியேற வழியே கிடையாது. உலா டோக்கியோவிலேயே முடிந்தாலும், நள்ளிரவு ஒரு மணி சுமாருக்குள் ரயில்கள் நின்றுவிடும். பிறகு விடியற்காலைதான் வண்டி. தங்கும் விடுதி வரை கொண்டுவந்து விடுவார்களா என்பதையும் அதே மடலில் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். ஜப்பானில் நானே ஓட்டிப் போக நம் லைசென்ஸ் செல்லுமா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: அதைமட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். ஜப்பான் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கிய அனுமதியை மட்டுமே ஏற்கும். இந்தியா அதில் உறுப்பு நாடு என்பதால் நமக்குத் தடையில்லை. அனுமதியுடன் பாஸ்போர்ட்டையும் நம் லைசென்ஸையும் கையில் வைத்திருங்கள்.

நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு, ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பழகிய உங்களுக்கு அவர்களுடைய ‘இடிசி’ அட்டையும் புதிதாக இராது. வாடகை நிறுவனத்திடமே அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஷுட்டோ சாலையின் பல நுழைவாயில்களில் ரொக்கம் வாங்குவதே இல்லை. சிரமம் வேறொன்றில் உண்டு: அங்கே கிளைச்சாலைகள் சில இடங்களில் வலப்பக்கத்திலிருந்து, அதாவது வேகத் தடத்திலேயே வந்து சேரும். முதல் இரவே அதில் ஓட்டிப் பழகாதீர்கள்.

மது பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். குடித்துவிட்டு ஓட்டுபவர் மட்டுமன்றி, அவர் குடித்திருப்பது தெரிந்தும் அவருக்கு வண்டி கொடுத்தவர், மது கொடுத்தவர், தன்னையும் ஏற்றிச் செல்லச் சொல்லி உடன் பயணம் செய்தவர் ஆகியோரையும் தண்டிக்க 2007 முதல் சட்டம் இருக்கிறது.

கேள்வி: அந்த ஓய்விடத்தில் சைவ உணவு கிடைக்குமா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: நம்பிப் போகாதீர்கள். நூடுல்ஸ் சூப்பில் பன்றியெலும்போ மீனோ இருக்கும். வழியில் கடையில் உப்பிட்ட உமே காய் வைத்த சோற்று உருண்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஊறுகாயும் சோறும் என்று நினைத்துச் சாப்பிடலாம்.

கேள்வி: எங்களுக்கு மூன்று லாரிகள் இருக்கின்றன. ஜப்பானிலும் லாரிக்கு அலங்காரம் செய்வார்களாமே? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: செய்வார்கள், நம்மையே மிஞ்சுவார்கள். ‘டெகோடோரா’ என்று பெயர். 1970-களில், துறைமுகங்களிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களிடையே பரவிய பழக்கம். 1975-இல் தொடங்கிய ஒரு திரைப்பட வரிசை அதை நாடு முழுவதும் கொண்டுசென்றது. நம் லாரியில் தாமரையும் மயிலும் வண்ணத்தில் இருக்கும். அவர்கள் துருவேறாத எஃகுத் தகடுகளையும் நூற்றுக்கணக்கான விளக்குகளையும் பொருத்தி, பக்கவாட்டில் அலைகளையும் கடல்நாகங்களையும் வரைகிறார்கள். உள்ளே சரவிளக்கும் வெல்வெட் இருக்கையும்கூட உண்டு. ஓடும்போது எல்லா விளக்குகளையும் எரியவிடச் சட்டம் இடம் தராது. நிறுத்திய பிறகுதான் முழுக் கோலத்தையும் காணலாம். டாய்கோகுவில் என்றாவது ஒன்று கண்ணில் படலாம். இதற்கென்றே கூடும் கூட்டங்கள் தனி. பேரிடர் நிவாரணத்துக்கு நிதி திரட்டும் சங்கங்களும் அவர்களிடம் உண்டு.

கேள்வி: ஜப்பானில் மலைப்பாதைகளில் இரவில் காரைச் சறுக்கவிட்டு ஓட்டுகிறார்களே, தொப்பூர் கணவாயில் நாங்கள் அப்படி முயன்றால் என்ன? ஒரு பழைய ஸ்கைலைனை இறக்குமதி செய்ய முடியுமா? (காரிமங்கலம் கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, நீங்கள் சொல்லும் அந்த ஓட்டத்துக்குப் பெயரே ‘தோகே’. அந்தச் சொல்லின் பொருள் கணவாய்தான். பொருள் ஒன்றாக இருப்பதால் இடமும் ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். தொப்பூர் இறக்கத்தில், பாரம் ஏற்றிய லாரிகள் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருண்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் நிற்கும் வண்டிகளை வாரிக்கொண்டு போன விபத்துகளை நீங்கள் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். உங்கள் சறுக்கலுக்குப் பின்னால் அப்படியொரு லாரி வந்தால் உங்கள் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. வத்தல்மலைக்குப் போகலாம் என்றும் யோசிக்காதீர்கள். அது மலைக் கிராமத்து மக்களின் ஒரே சாலை.

ஜப்பானிலும் அது சட்டவிரோதம்தான். பல கணவாய்களில் இரவுப் பந்தயத்தைத் தடுக்கவென்றே சாலையில் மேடு போட்டு, நடுவில் கம்பங்களும் நட்டிருக்கிறார்கள். மலைப்பாதையில் பழகிய கலையைப் பந்தய வீரர் கெய்ச்சி ட்சுச்சியா போன்றவர்கள் மூடிய தடத்துக்குக் கொண்டுவந்தார்கள்; 2001 முதல் டி1 கிராண்ட் பிரி என்ற போட்டியாகவே அது நடக்கிறது. நல்ல உலாக்காரர் எவரும் உங்களைக் கணவாயில் பந்தயம் பார்க்க அழைத்துச் செல்ல மாட்டார். கற்றுக்கொள்ளும் ஆசை உண்மையென்றால் நமக்குக் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது; இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது.

ஸ்கைலைன் விஷயம் சுருக்கமானது. உற்பத்தியாகி மூன்றாண்டுக்கு மேற்பட்ட பழைய காரைப் பொதுவாக இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. ஸ்கைலைன் வரிசையில் கடைசியாக வந்த ஆர்34 ஜிடி-ஆரின் உற்பத்தியே 2002-இல் நின்றுவிட்டது.

கேள்வி: என்னிடம் அப்பா வாங்கிய பழைய மாருதி 800 இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. விற்றுவிடு என்கிறார்கள். அந்த டாய்கோகுவில் இதுபோன்ற வண்டியை யாராவது திரும்பிப் பார்ப்பார்களா? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: நிச்சயம் பார்ப்பார்கள். 1983 டிசம்பரில் வெளிவந்த முதல் மாருதி 800, ஜப்பானின் சுசுகி ஆல்ட்டோவின் உடன்பிறப்பு. அங்கே அது மஞ்சள் போர்டு மாட்டும் கே கார். அன்றைய விதிப்படி அந்த வகையில் இன்ஜின் 550 சிசிக்கு மேல் இருக்கக் கூடாது. ஏற்றுமதிக்காகப் பெரிதாக்கிய 796 சிசி இன்ஜின்தான் நமக்கு வந்தது. கே கார்கள் மீது அவர்களுக்குள்ள பாசத்தை நேரில் கண்டவன் நான். ஜிடி-ஆருக்கும் ஆர்எக்ஸ்-7க்கும் நடுவில், பளபளவென்று துடைத்த சின்னஞ்சிறு பழைய ஆல்ட்டோ ஒன்று நின்றது. அதன் உரிமையாளர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கார்புரேட்டரைப் பற்றி நான்கு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலும் இதன் வம்சம் ஒன்று இருந்தது என்று கைப்பேசியிலிருந்த பழைய படத்தைக் காட்டினேன். மொழி தெரியாத அவர், ‘எண்ணூறா?’ என்று எட்டு விரலைக் காட்டிக் கேட்டுவிட்டு, படத்தைத் தன் நண்பர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார்.