டிஎல்பியா, 3எல்சிடியா, எல்கோஸா? சுவரையும் கண்ணையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்

கேள்வி: 16 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். சுவரும் கூரையும் வெள்ளை, ஒரே ஒரு ஜன்னல். இரவில் படங்கள், விடுமுறை நாட்களில் பகலிலும் விளையாட்டு ஒளிபரப்பு, மகனுக்கு வீடியோ கேம். 100 அங்குலத் திரை போதும். கடையில் “தியேட்டரிலேயே டிஎல்பிதான்” என்கிறார்கள். நண்பர் 3எல்சிடி வாங்கச் சொல்கிறார். படித்த இடங்களில் எல்கோஸ்தான் உயர்ந்தது என்று இருக்கிறது. ஒரு முறை வேறொரு வீட்டில் ப்ரொஜெக்டரில் படம் பார்த்தபோது என் மனைவிக்குக் கண் கூசித் தலைவலி வந்துவிட்டது. எதை வாங்குவது?

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த வீட்டில் இருந்தது எந்த வகை ப்ரொஜெக்டர் என்று முதலில் விசாரியுங்கள். டிஎல்பி என்று பதில் வந்தால் உங்கள் முடிவில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

டிஎல்பியின் உள்ளே இருப்பது விரல் நகம் அளவுள்ள ஒரு சிப். அதன்மேல் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கியது இது. அதற்காக 2015இல் அவருக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. சின்ன வயதில் கண்ணாடிச் சில்லை வெயிலில் பிடித்து எதிர்ச்சுவரில் வெளிச்சத்தை ஆட்டியிருப்பீர்களே, அதே வேலையைத்தான் ஒவ்வொரு நுண்கண்ணாடியும் செய்கிறது. இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸ் வழியே திரைக்குப் போகும், அந்தப் பக்கம் சாய்ந்தால் உள்ளேயே ஒதுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்காது. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறி மாறிச் சாய்ந்து, எவ்வளவு நேரம் எந்தப் பக்கம் என்ற கணக்கில் அந்தச் சாயலை உண்டாக்கும்.

வீட்டுக்கு வரும் டிஎல்பியில் இப்படி ஒரே ஒரு சிப்தான் இருக்கும். ஒரு சிப்பால் ஒரு நேரத்தில் ஒரு நிறத்தைத்தான் காட்ட முடியும். அதனால் விளக்குக்கு முன்னால் ஒரு வண்ணச் சக்கரம் சுழன்று சிவப்பு, பச்சை, நீலம் என்று அடுத்தடுத்து அனுப்புகிறது. கலந்து பார்ப்பது நம் கண்ணின் வேலை. பார்வை ஒரே இடத்தில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. சப்டைட்டிலிலிருந்து நடிகரின் முகத்துக்குச் சட்டென்று பார்வையைத் தூக்கும்போது மூன்று நிறங்களும் விழித்திரையில் வெவ்வேறு இடங்களில் விழுகின்றன. வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் மாதிரி ஒரு கீற்று மின்னி மறையும். பலருக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்துவிட்டவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், அவர்களில் சிலருக்குக் கண் அசதியும் தலைவலியும் வரும். பழக்கப்பட்டால் போய்விடும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்இடி, மூன்று நிற லேசர் கொண்ட டிஎல்பிகளில் வண்ணச் சக்கரம் இருக்காது. “சக்கரமே இல்லை, வானவில் வராது” என்று விற்கிறார்கள். நிறங்கள் அங்கேயும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வருகின்றன. மாறும் வேகம் கூடுவதால் தொல்லை குறையலாம், ஆனால் கூர்ந்த கண்ணுக்கு அகப்படும். கடைக்காரர் சொன்ன தியேட்டர் வாதத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. டிஜிட்டல் தியேட்டர்களில் பெரும்பாலும் டிஎல்பிதான், அது உண்மை. அங்கே நிறத்துக்கு ஒன்றாக மூன்று சிப் இருக்கும், மூன்று நிறமும் ஒரே சமயத்தில் திரைக்கு வரும். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

உங்கள் நண்பர் சொல்லும் 3எல்சிடி இந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுகிறது. விளக்கின் ஒளியை மூன்று நிறமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி எல்சிடி (திரவப் படிக) தகட்டின் ஊடாகச் செலுத்தி, ஒரு பட்டகத்தில் மறுபடி சேர்த்து அனுப்புகிறது. எப்சன் நிறுவனத்தின் ப்ரொஜெக்டர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். வானவில் கிடையாது. வெள்ளை எவ்வளவு பிரகாசமோ நிறங்களின் கூட்டும் அவ்வளவு பிரகாசம். வண்ணச் சக்கரத்தில் வெள்ளைக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்து லூமென் எண்ணை, அதாவது ஒளியின் அளவை, உயர்த்தும் டிஎல்பிகளில் இப்படி இருக்காது. விளக்கு எரியும் அறையில் ஆடுகளத்தின் பச்சை சோகையாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்கோஸ் இரண்டுக்கும் நடுவில் பிறந்தது. சிலிக்கன் தகட்டின் மேல் கண்ணாடிபோல் பளபளக்கும் பரப்பு, அதன்மேல் திரவப் படிகத் திரை. இதுவும் நிறத்துக்கு ஒரு தகடு. ஜேவிசி இதை டி-ஐஎல்ஏ என்றும் சோனி எஸ்எக்ஸ்ஆர்டி என்றும் அழைக்கின்றன. மின்கம்பிகளெல்லாம் கண்ணாடிப் பரப்புக்கு அடியில் ஒளிந்துகொள்வதால் பிக்சல்களுக்கு இடையே கோடே தெரியாது. இதன் உண்மையான பலம் கருப்பு.

கருப்பைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் பணம் வீணாகும் இடமும் இதுதான். எந்த ப்ரொஜெக்டராலும் கருப்பை வீச முடியாது. ஒளி விழாத இடத்தில் திரை என்ன நிறமாகத் தெரிகிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் கருப்பு. அதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, ப்ரொஜெக்டரே கசியவிடும் ஒளி. வீட்டு டிஎல்பிகளில் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள இயல்பான விகிதம் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நிற்கும். நல்ல 3எல்சிடிகள் அதைத் தாண்டும். உயர் வகை எல்கோஸ் பல பத்தாயிரத்துக்குப் போகும். பெட்டியில் அச்சடித்த லட்சக் கணக்கான எண்களைப் பார்த்து மயங்காதீர்கள். அவை காட்சிக்குக் காட்சி விளக்கையோ ஒளி வெளியேறும் துவாரத்தையோ கூட்டிக் குறைத்து எடுத்த அளவு.

இரண்டாவது, உங்கள் வெள்ளைச் சுவர். திரையில் ஒரு பகல் காட்சி வந்தால் அந்த ஒளி கூரைக்கும் பக்கச் சுவருக்கும் போய், திரும்பித் திரையிலேயே விழும். நிழலாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளுத்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எல்கோஸ் ஆனாலும் அந்த நேரத்தில் அதன் பத்தாயிரங்கள் கண்ணுக்குத் தெரியாது. பாதி வெளிச்சம், பாதி இருட்டு கலந்த காட்சிகளில் நல்ல லென்ஸ் உள்ள டிஎல்பி எல்கோஸுக்குச் சளைக்காமல் பளிச்சென்று நிற்பதுண்டு. முழுக்க இருண்ட காட்சிகள் வேறு கதை. நட்சத்திர வானம், இருட்டுக் குகை போன்றவற்றில் திருப்பி அனுப்ப அறையில் ஒளியே இல்லை, அங்கே எல்கோஸின் மேன்மை வெள்ளை அறையிலும் தெரியும். ஆனாலும், சுவர்களுக்கு அடர்ந்த நிறத்தில் பளபளப்பில்லாத பெயின்ட் அடித்து, கூரையிலும் திரைக்கு முன்னால் உள்ள நாலைந்து அடியை இருட்டாக்கி, ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை போட்ட பிறகு எல்கோஸைப் பற்றி யோசியுங்கள் என்பதே என் கருத்து. இதே பெயின்ட், நீங்கள் எந்த ப்ரொஜெக்டரை வாங்கினாலும் அதை ஒரு படி உயர்த்திக் காட்டும்.

பிரகாசக் கணக்கு நீங்கள் நினைப்பதைவிட எளிது. தியேட்டர் திரைக்கான தரம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு). சாதாரண வெள்ளைத் திரையில் சதுர அடிக்கு 14 லூமென் என்று வைத்துக்கொள்ளலாம். 100 அங்குலத் திரை 7 அடி 3 அங்குல அகலம், 4 அடி 1 அங்குல உயரம், ஆகக் கிட்டத்தட்ட 30 சதுர அடி. 30ஐ 14ஆல் பெருக்கினால் 420 லூமென். இருட்டறையில் அவ்வளவு போதும்! நிறம் சரியாக வரும் சினிமா மோடில் பெட்டியில் போட்ட லூமெனில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும், விளக்கும் நாளாக ஆக மங்கும். அதையெல்லாம் சேர்த்தாலும் 1,500 லூமென் இரவுக்குத் தாராளம். பகலில் பார்ப்பதற்கு 2,500, 3,000 வேண்டும், அப்போதும் திரைச்சீலையை மூடத்தான் வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஏஎன்எஸ்ஐ அல்லது ஐஎஸ்ஓ லூமென், அதாவது தர அமைப்புகளின் முறைப்படி அளந்த லூமென், என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். வெறுமனே லூமென் என்று ஐந்திலக்க எண்ணைப் போட்டு, “4கே சப்போர்ட்” என்று சொல்லி மலிவாக விற்கும் ஒற்றை எல்சிடி பெட்டிகளை நீங்கள் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம்.

4கே விஷயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. 4கே படம் என்றால் சுமார் 83 லட்சம் பிக்சல். பல டிஎல்பிகளின் சிப்பில் அதில் கால்வாசிதான் உண்டு. அது தரும் படத்தை நான்கு இடங்களுக்கு மிக வேகமாக நகர்த்தி முழு எண்ணிக்கையையும் எட்டுகிறார்கள். 3எல்சிடியிலும் இதே உத்திதான், சில மாடல்களில் இரண்டு இடம், சிலவற்றில் நான்கு. சோனி, ஜேவிசியின் எல்கோஸ் மாடல்கள் பலவற்றில் தகட்டிலேயே அத்தனை பிக்சலும் இருக்கும். பத்து பதினோரு அடி தள்ளி உட்கார்ந்து 100 அங்குலத் திரையைப் பார்க்கையில் இந்த வேறுபாட்டைவிட லென்ஸின் தரம்தான் முதலில் கண்ணில் படும்.

விளக்கைப் பொறுத்தவரை லேசரே நல்லது. பழைய பாதரச விளக்கு 3,000 முதல் 5,000 மணி நேரம் வரும், முதல் சில நூறு மணி நேரத்திலேயே ஒளி கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். லேசர் பாதியாக மங்க 20,000 மணி நேரம் என்கிறார்கள். தினம் நாலு மணி நேரம் பார்த்தாலும் பதின்மூன்று வருடம். ஆனால் விளக்கை நீங்களே மாற்றிக்கொள்ளலாம், லேசரை அப்படி மாற்ற முடியாது. உத்தரவாதக் காலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மகனின் கேமுக்கு டிஎல்பி ஒரு படி மேல். கண்ணாடிகள் படிகங்களைவிடப் பல மடங்கு வேகமானவை, வேகமாக ஓடும் காட்சியில் இழுவல் குறைவு. பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அசைவதற்கும் உள்ள தாமதம் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் வகையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, கேம் மோடில் எத்தனை மில்லி செகண்ட் என்று பாருங்கள்.

மாட்டும் இடத்தில் 3எல்சிடிக்கும் எல்கோஸுக்கும் ஒரு வசதி உண்டு. அவற்றில் பலவற்றில் லென்ஸ் ஷிஃப்ட் தாராளமாக இருக்கும். ப்ரொஜெக்டர் நடுவிலிருந்து விலகியிருந்தாலும் லென்ஸை நகர்த்தியே படத்தைத் திரைக்குள் கொண்டுவரலாம். வீட்டு டிஎல்பிகளில் இது குறைவு, பலர் கீஸ்டோன் திருத்தத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். கீஸ்டோன், கோணலாக விழும் படத்தை நசுக்கிச் செவ்வகமாக்குகிறது, அதற்கு விலையாகப் பிக்சல்களைக் கொடுக்கிறோம்.

3எல்சிடியின் பலவீனம் தூசி. தகடுகளைக் குளிர்விக்கக் காற்று உள்ளே ஓட வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒன்றரை வருடம் ஃபில்டரைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். இருண்ட காட்சி வந்தாலே திரையின் ஓரத்தில் பச்சையாக ஒரு மங்கல் வட்டம். தகட்டின்மேல் படிந்த தூசி அது, பிரித்துத்தான் துடைக்க வேண்டியிருந்தது. மாதம் ஒரு முறை ஃபில்டரை எடுத்துத் தூசி தட்டியிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

சரி, உங்கள் அறைக்கு என் தேர்வு லேசர் 3எல்சிடி. பகல் பார்வை, வெள்ளைச் சுவர், மனைவியின் தலைவலி மூன்றும் அந்தப் பக்கமே இழுக்கின்றன. மனைவி பார்த்தது டிஎல்பி இல்லை என்று தெரியவந்தால், அதைவிட முக்கியமாக அவர் கீழே சொல்லும் சோதனையில் எதையும் பார்க்கவில்லை என்றால், மகனுக்காக டிஎல்பியை எடுப்பதில் தவறில்லை.

சோதனை இதுதான். கடையில் ஒரு டிஎல்பியை ஓடவிட்டு, அறை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும் காட்சியைப் போடச் சொல்லி, மனைவியைத் திரையின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் பார்வையை வேகமாக மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அப்புறம் ஒரு படத்தை அரை மணி நேரமாவது உட்கார்ந்து பார்க்கட்டும். மனைவி மட்டும் போதாது, மகனையும் கூட்டிப் போங்கள். இது ஆளுக்கு ஆள் மாறும்.