வராத பணத்தை வரவைப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஒன்பது வருடம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து மற்றவர்களின் பில்லுக்குப் பணம் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஏழு வருடமாகச் சொந்தமாக மொழிபெயர்ப்புத் தொழில் செய்கிறேன், இப்போது பில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற பக்கம் நான் இருக்கிறேன். பாக்கி வசூல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஒரு நிறுவனத்துக்கு வெப்சைட் முடித்துக் கொடுத்து ஐம்பது நாள் ஆகிறது. நல்ல மனிதர்கள், அடுத்த வேலையும் தருவதாகச் சொல்கிறார்கள். பணத்தைக் கேட்டால் உறவு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வந்த கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நான் பணம் போடும் பக்கம் இருந்தபோது, கெடு தாண்டிய மறுநாளே "பில் என்ன ஆச்சு" என்று கேட்டவரைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரும் ஒரு நாளும் குறை பேசியதில்லை. முகம் சுளித்ததெல்லாம், மூன்று மாதம் வாயே திறக்காமல் மனதுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு, ஒரு நாள் திடீரென்று நிறுவனத்தில் உள்ள எல்லோருக்கும் நகல் வைத்துக் கோபமாக மெயில் அனுப்பியவர்களைப் பார்த்துத்தான். சீக்கிரம் கேட்டால் குரல் தானாகவே சாதாரணமாக இருக்கும். ஆறப்போட்டுக் கேட்டால் கோபமும் சேர்ந்து வரும்.

இன்றைக்கே எழுதுங்கள், இப்படி: "வணக்கம். பில் எண் 27, மார்ச் 3 தேதியிட்டது, கெடு ஏப்ரல் 2. தொகை இன்னும் என் கணக்கில் வரவில்லை. எந்தத் தேதியில் வரும் என்று சொல்லுங்கள். பில்லை மறுபடி இணைத்திருக்கிறேன்." அவ்வளவுதான். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" வேண்டாம், "முடிந்தபோது அனுப்புங்கள்" வேண்டவே வேண்டாம், ஏனென்றால் அப்படி நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்கு முடிகிற நாள் வரவே வராது. பணத்தைக் கேட்பதைவிடத் தேதியைக் கேளுங்கள். தேதி சொன்னவர் அதைத் தவறவிட்டால் இரண்டாவது முறை கேட்பது உங்களுக்குச் சுலபம், அவருக்குத்தான் சங்கடம்.

அடுத்த வேலை தருகிறார்கள் என்றால் நல்லது. "பழைய பில் முடிந்ததும் அடுத்த நாளே தொடங்கிவிடுகிறேன்" என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

கேள்வி: யாரைக் கேட்டாலும் "கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிட்டோம், பிராசஸில் இருக்கிறது" என்கிறார்கள். அங்கே உண்மையில் என்னதான் நடக்கிறது?

அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்ததால் சொல்கிறேன். என் இடது பக்கம் ஒரு ட்ரே, அதில் பாஸ் ஆன பில்கள். வலது பக்கம் இன்னொரு ட்ரே, அதில் ஏதோ ஒன்று குறைகிற பில்கள். ஆர்டர் எண் இல்லை, வேலை கொடுத்த மேனேஜரின் ஒப்புதல் இல்லை, பில்லில் எங்கள் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயருக்குப் பதிலாகப் பிராண்ட் பெயர் இருக்கிறது, வங்கிக் கணக்கில் இருக்கிற பெயரும் பில்லில் இருக்கிற பெயரும் வேறு. இப்படி ஏதாவது ஒன்று. எங்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் பணம் போடுகிற நாள், வியாழக்கிழமை. புதன் மதியத்துக்குள் இடது ட்ரேக்கு வராத பில் அடுத்த வாரத்துக்குப் போய்விடும். வலது ட்ரேயில் இருப்பதைப் பற்றி உங்களுக்கு யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அந்த ட்ரேயில் எப்போதும் நாற்பது ஐம்பது பில் கிடக்கும், அவ்வளவுதான். யார் போன் செய்கிறாரோ அவர் பில்லைத் தேடி எடுத்து அதில் என்ன குறை என்று பார்ப்போம்.

அதனால் உங்களுக்கு வேலை கொடுத்தவரிடம் கணக்குப் பிரிவில் யாரிடம் பேச வேண்டும் என்று பெயரும் நம்பரும் வாங்குங்கள். அவரிடம் மூன்று கேள்வி போதும்: என் பில் பதிவாகிவிட்டதா, அதில் ஏதாவது குறைகிறதா, அடுத்த பணம் போடுகிற நாள் எது. மரியாதையாகப் பேசுங்கள், அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற மேசை அது, நிதானமாகப் பேசுகிறவரின் பில் கையோடு நகர்ந்துவிடும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் கேட்கலாமா, மெயிலில்தான் கேட்க வேண்டுமா?

நகர்த்துவதற்குப் போன், பதிவுக்கு மெயில். போனில் பேசி முடித்ததும் "இப்போது பேசியபடி 18-ஆம் தேதி அனுப்புவதாகச் சொன்னீர்கள், நன்றி" என்று ஒரு வரி மெயில் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பதில் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அரட்டையையும் பேக்கப் எடுங்கள். வேலைக்கான குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: இரண்டு மாதம் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு, பணம் கேட்டவுடன் "டிசைன் திருப்தியாக இல்லை" என்கிறார்.

இது ரொம்ப வலிக்கும், எனக்கும் நடந்திருக்கிறது. தொண்ணூறு பக்க வேலை, கொடுத்த அன்று "பிரமாதம்" என்று பதில் வந்தது, ஆறு வாரம் கழித்துத் தரம் சரியில்லை என்றார்கள். நான் பண்ணிய தவறு, உடனே என் வேலையின் தரத்தைப் பற்றி ஒரு பெரிய விளக்கம் எழுதியது. அது விவாதமாக மாறி மேலும் ஒரு மாதம் போயிற்று.

இப்போது செய்வது வேறு. "எந்தப் பக்கத்தில் எந்த இடம் என்று குறித்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், நியாயமானதைத் திருத்தித் தருகிறேன். குறை சொல்லாத பகுதிக்கான தொகையை இப்போது அனுப்பிவிடுங்கள்" என்று எழுதுவேன். உண்மையான குறை இருக்கிறவர் குறித்து அனுப்புவார், நாமும் திருத்தித் தர வேண்டும், அது நம் கடமை. சாக்குச் சொல்கிறவர் பதில் போடமாட்டார், அந்த மௌனமும் பின்னால் உங்களுக்குச் சான்றாக உதவும். அன்றைக்கு வந்த "பிரமாதம்" மெயிலைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: மேடம், கிளையண்ட் உண்மையிலேயே நொடிந்துபோய் இருக்கிறார். ஏமாற்றுகிறவர் இல்லை. என்ன செய்வது?

தவணை போட்டு வாங்குங்கள், சின்னத் தொகையாக இருந்தாலும் சரி. ஆனால் முதலில் அவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: இவ்வளவு தர வேண்டியிருக்கிறது, இந்தத் தேதிகளில் இவ்வளவு தருவேன், ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும். கீழே கையெழுத்து. இதற்கு முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பாக்கிக்கு வழக்குப் போட எல்லா நாட்டிலும் கால வரம்பு உண்டு. இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி பொதுவாக 3 வருடம், இங்கிலாந்தில் 6 வருடம். அந்தக் காலம் முடிவதற்குள் கடன்பட்டவர் கையெழுத்திட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டால் அந்தக் கால வரம்பு அன்றிலிருந்து மறுபடி தொடங்கும். நல்ல மனிதராக இருந்தால் கையெழுத்துப் போடத் தயங்கமாட்டார்.

தள்ளுபடி கேட்டால், பணம் கைக்கு வருகிற தேதியோடு சேர்த்துக் கொடுங்கள். "10-ஆம் தேதிக்குள் வந்தால் 10% குறைத்துக்கொள்கிறேன், தாண்டினால் முழுத் தொகை." தேதி இல்லாமல் தள்ளுபடி கொடுத்தால் குறைத்த தொகையே புதுப் பாக்கியாக நிற்கும்.

கேள்வி: தாமதத்துக்கு வட்டி கேட்க முடியுமா? சட்டம் நம் பக்கம் இருக்கிறதா?

பலரும் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வட்டி பற்றி எதுவும் எழுதாவிட்டாலும் நிறுவனங்களுக்கு இடையிலான பாக்கிக்கு இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8% வட்டி கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2011-இல் வந்த உத்தரவு இதே மாதிரிதான். நியூயார்க் நகரத்தில் 2017 முதல் ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கென்றே சட்டம் உண்டு, ஒப்பந்தத்தில் தேதி இல்லையென்றால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும்.

இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கிற குறு, சிறு தொழிலாக இருந்தால், எழுத்தில் என்ன கெடு போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, எழுத்தே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் பதியலாம், இந்தத் தகராறுகளைத் தீர்க்க மாநிலத்தில் வசதி மன்றம் என்ற அமைப்பு இருக்கிறது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது, வேலை தொடங்கும் முன்பே பதிந்துவிடுங்கள், பாக்கி விழுந்தபின் ஓடாதீர்கள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: இந்தக் கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம், அந்தச் செலவை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியும். இதை ஒரு வரியாக நினைவுபடுத்தினாலே கணக்குப் பிரிவு நிமிர்ந்து உட்காரும். வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு வராது.

கேள்வி: செக் கொடுத்தார், பவுன்ஸ் ஆகிவிட்டது.

நாள் கணக்கு முக்கியம், தம்பி, தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவில் என்றால் செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது அவர் கைக்குக் கிடைத்து 15 நாளில் பணம் வரவில்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். நாளையே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: செய்து கொடுத்த தளத்தை முடக்கிவிடலாமா? அவர் பெயரைச் சமூக வலைதளத்தில் போட்டுவிடலாமா?

இரண்டும் வேண்டாம். கோபம் எனக்குப் புரிகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு இப்படித்தான் தோன்றும். ஆனால் ஒப்பந்தத்தில் இடம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற தளத்தை முடக்கினால் நஷ்டஈடு கேட்கிற இடத்துக்கு அவர் போய்விடுவார், பெயரைப் போட்டால் அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் வரும். பணம் தர வேண்டியவர் அவர், பதில் சொல்கிற நிலைமையில் நீங்கள். செய்யக்கூடியது: புது வேலையை நிறுத்துங்கள், அதை முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள், இன்னும் கொடுக்காத மூலக் கோப்புகளைக் கொடுக்காதீர்கள். அடுத்த ஒப்பந்தத்தில் "முழுத் தொகை வந்த பிறகே உரிமை கிளையண்டுக்கு மாறும்" என்ற வரியைச் சேருங்கள்.

கேள்வி: நடுவில் ஒரு ஏஜென்சி. "எங்களுக்கே கிளையண்ட் தரவில்லை, வந்ததும் தருகிறோம்" என்கிறார்கள்.

உங்கள் ஒப்பந்தம் யாரோடு? ஏஜென்சியோடு என்றால் அவர்கள்தான் தர வேண்டும், அவர்களுடைய வசூல் அவர்கள் கவலை. ஒப்பந்தத்தில் "எங்களுக்கு வந்தபின் தருவோம்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன்பு அதை அடிக்கச் சொல்ல வேண்டும், அடிக்க மறுத்தால் பாதிப் பணம் முன்பணமாகக் கேளுங்கள்.

கேள்வி: இனி இப்படி மாட்டாமல் இருக்க ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள் என்றால்?

ஒரே கிளையண்டிடம் எவ்வளவு வரை பாக்கி நிற்கலாம் என்று ஒரு எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது என் ஒரு மாதச் செலவு. அந்த எண்ணைத் தொட்டதும், எவ்வளவு பழகியவராக இருந்தாலும், பணம் வரும்வரை அடுத்த பக்கத்தைத் தொடமாட்டேன். முன்பணமும் கட்டம் கட்டமாகப் பில் போடுவதும் அந்த எண்ணுக்குக் கீழேயே இருப்பதற்குத்தான்.

கேள்வி: அக்கா, முதல் பதிலைப் படித்துவிட்டு உடனே மெயில் அனுப்பினேன். "வெள்ளிக்கிழமை போட்டுவிடுகிறோம்" என்று பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது! எட்டு வாரமாகத் தூக்கம் இல்லாமல் இருந்தேன்.

ரொம்பச் சந்தோஷம். வெள்ளி மதியம் வங்கிக் கணக்கைப் பாருங்கள். வந்திருந்தால் ஒரு நன்றி மெயில், ரசீதோடு. வரவில்லையென்றால் திங்கள்வரை விடாமல் அன்றே மூன்று மணிக்குக் கூப்பிடுங்கள், ஐந்து மணிக்கு மேல் அந்த மேசையில் யாரும் இருக்கமாட்டார்கள்.