மேட்டில் முந்துகிறேன், சமதரையில் கழன்றுவிடுகிறேன்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வயது 26, எடை 54 கிலோ. மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கு ஒன்றரை மணி நேரத்தில் சைக்கிளில் ஏறிவிடுவேன், எங்கள் நண்பர்களில் யாராலும் என்னைப் பிடிக்க முடியாது. போன மாதம் முதல்முறையாகக் கோவை பக்கம் ஒரு ரோடு ரேஸில் கலந்துகொண்டேன். ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பி வரும் பாதை, ஆறு சுற்று, மொத்தம் 60 கிலோமீட்டர். யாராவது இடித்துவிடுவார்களோ என்று கூட்டத்தின் கடைசியிலேயே ஓட்டினேன். இரண்டாவது சுற்று முடியும் முன்பே தனியாகிவிட்டேன். தொப்பை உள்ளவர்கள் எல்லாம் என்னைவிட முன்னால் போனார்கள். என் சைக்கிள் அலுமினியம், பத்து கிலோ. கடன் போட்டு ஒன்றரை லட்சத்துக்கு எட்டு கிலோ கார்பன் சைக்கிள் வாங்கலாமா? அப்பா திட்டுகிறார். நான் மலை இறங்கி வருவதை ஒருமுறை பார்த்ததில் இருந்து இருக்கிற சைக்கிளையே விற்கச் சொல்கிறார். டூர் ஆஃப் நீலகிரிஸ் என்கிற பல நாள் சைக்கிள் பயணத்தில் சேரும் ஆசையும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: தம்பி, கடன் வாங்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்தால் பாதி மனது ஏற்கெனவே ஷோரூமில் போய் நின்றுகொண்டிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 64 கிலோ. இரண்டு கிலோ குறைந்தால் மூன்று சதவீதம். கோத்தகிரி ஏற்றம் 1,400 மீட்டருக்கு மேல் உயரம், ஒன்றரை மணி நேர வேலை, அதில் உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் மிச்சமாகும், அதுவும் நீங்கள் ஏற்கெனவே எல்லோரையும் ஜெயிக்கிற இடத்தில். சமதரையில், ஒரே வேகத்தில் போகும்போது, அந்த இரண்டு கிலோவால் ஏறத்தாழ ஒன்றும் கிடைக்காது. தோற்ற இடத்தில் உதவாத பொருளுக்கு ஒன்றரை லட்சம், அதுவும் வட்டியோடு. இந்த விஷயத்தில் நான் உங்கள் அப்பா கட்சி.

அப்புறம் அந்தத் தொப்பைக்காரர்கள். மேட்டில் போட்டி புவியீர்ப்போடு, ஆளின் எடைக்கு எவ்வளவு சக்தி என்பதுதான் பேச்சு, 54 கிலோ ஆள் அங்கே ராஜா. சமதரையில் போட்டி காற்றோடு. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி உடம்பு எவ்வளவு கிலோ என்று பார்த்துக் குறைவதில்லை, 75 கிலோ ஆளுக்கும் உங்களுக்கும் அது பெரிதாக மாறாது. கிலோவுக்கு 3.7 வாட் என்று நீங்கள் மிதித்தால் மொத்தம் 200 வாட். அவர் கிலோவுக்கு 3.3 தான், ஆனால் மொத்தம் கிட்டத்தட்ட 250. மேட்டில் நீங்கள் அவரை விட்டுவிட்டுப் போவீர்கள், சமதரையில் அவர் உங்களை விட்டுவிட்டுப் போவார். அவர் தொப்பை உங்களை அவமானப்படுத்த வளர்ந்ததில்லை, விடுங்கள். மலைக்காற்றில் வளர்ந்த நுரையீரல் என்ற பெருமையும் இங்கே பாதிதான் உதவும். 1,800 மீட்டரில் காற்று மெலிசு, கீழே வந்தால் மூச்சு கொஞ்சம் தாராளமாகும், ஆனால் கீழே காற்று அடர்த்தி, முகத்தில் அடிக்கிற எதிர்ப்பும் கூடுதல்.

ஆனாலும் நீங்கள் கழன்றதற்கு அது மட்டும் காரணமில்லை. கூட்டத்துக்குள் ஒளிந்து ஓட்டினால் தனியாக ஓட்டுவதற்குத் தேவையான சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும், அப்போது 200 வாட் ஆளும் மணிக்கு 40-ல் போகிற கூட்டத்தோடு வரலாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். 'கூட்டத்தின் கடைசியிலேயே ஓட்டினேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் ரேஸ் போனது.

போய்த் திரும்பும் பாதை என்றால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு யூ டர்ன். ஒரு யூ டர்னை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாற்பது பேர், மணிக்கு 40-ல் வருகிறார்கள். சாலை நடுவில் ஒரு டிரம்மோ கோனோ வைத்திருப்பார்கள். முதல் ஆள் வேகத்தை 15-க்குக் குறைக்கிறார், விருப்பப்பட்ட கோட்டில் அகலமாகத் திரும்புகிறார், எழுந்து நின்று நான்கு மிதி மிதித்து மறுபடி வேகம் எடுக்கிறார், அவருக்கு அவ்வளவுதான். பத்தாவது ஆள் கொஞ்சம் கூடுதலாகப் பிரேக் பிடிக்கிறார். முப்பதாவது ஆள் ஏறக்குறைய நடை வேகம். நாற்பதாவது ஆளான நீங்கள் பெடலில் மாட்டிய ஷூவை விடுவித்து ஒரு காலைத் தரையில் ஊன்றியிருப்பீர்கள், முன்னால் பெரிய கியர் வேறு கிடந்திருக்கும். நீங்கள் திரும்பி முடிக்கும்போது முதல் ஆள் எழுபது எண்பது மீட்டர் தள்ளி 40-ஐத் தொட்டுவிட்டார். அவரோடு போகிற கூட்டத்தைப் பிடிக்க நீங்கள் 48, 50 என்று ஓட்ட வேண்டும், அதுவும் மறைப்பே இல்லாமல். முன்னால் இருப்பவருக்கு அது ஒரு திருப்பம், பின்னால் இருப்பவருக்கு அது ஒரு ஸ்பிரின்ட். முதல் தடவை பிடித்திருப்பீர்கள். இரண்டாவது தடவை மூச்சு வாங்கியபடி பிடித்திருப்பீர்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர் மூன்றாவதில் விட்டிருப்பார், அவருடைய இடைவெளியையும் சேர்த்து நீங்கள் மூட வேண்டி வந்திருக்கும். இரண்டாவது சுற்று முடியும் முன் என்று நீங்கள் சொல்வது அந்த மூன்றாவது யூ டர்னுக்குப் பிறகுதான் வருகிறது. சரியா?

அதனால் அடுத்த ரேஸில் இலக்கு ஒன்றே ஒன்று: ஒவ்வொரு யூ டர்னுக்கும் முதல் பத்துப் பன்னிரண்டு பேருக்குள் போய்ச் சேருவது. ஜெயிப்பதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். திருப்பத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே ஓரமாக ஏறி முன்னால் வாருங்கள், பிரேக் பிடிக்கும் முன் இரண்டு மூன்று கியர் இறக்குங்கள், திரும்பியதும் முன் ஆளின் சக்கரத்தைப் பிடியுங்கள். இடிபடும் பயம் நியாயமானதுதான், ஆனால் கூட்டத்தில் அதிகம் விழுகிற இடமே பின்பாதி, சோர்ந்தவர்களும் திடீர் பிரேக்கும் அங்கேதான்.

காற்றையும் கவனியுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கோவை, பல்லடம் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு வெறும் பழமொழியில்லை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கில் இருந்து தள்ளும். வடக்கு தெற்காகப் போகிற சாலையில் அது பக்கவாட்டுக் காற்று. அப்போது முன் ஆளுக்கு நேர் பின்னால் மறைப்பு இருக்காது, காற்று வராத பக்கமாகக் கொஞ்சம் தள்ளி அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில் முன்சக்கரத்தை வைக்க வேண்டும். சாலை அகலம் அவ்வளவுதான் என்பதால் முன்னால் பத்துப் பேருக்கு மறைப்பு கிடைக்கும், மீதிப் பேர் ஓரத்தில் வரிசையாகக் காற்றைக் குடிப்பார்கள். மறுபடியும் பாருங்கள், இடம்தான் பிரச்சினை.

இதெல்லாம் தனியாக ஓட்டிப் பழகுகிற விஷயமில்லை, மலையில் நாம் எப்போதும் தனியாகத்தான் ஓட்டுகிறோம். செங்குத்தான மேட்டில் 10, 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது யார் பின்னால் ஒளிந்தாலும் பெரிய லாபம் கிடையாது, அதனால் அந்தப் பழக்கமே வருவதில்லை. வாரம் ஒரு நாள் கீழே இறங்குங்கள். மேட்டுப்பாளையம், சிறுமுகை, சத்தியமங்கலம் சாலையிலோ அன்னூர் சாலையிலோ ஞாயிறு காலை ஓட்டுகிற குரூப் ஏதாவது ஒன்றோடு சேர்ந்துகொள்ளுங்கள், முதலில் சொல்லிவிடுங்கள், நான் கூட்டத்தில் ஓட்டிப் பழகாதவன் என்று, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முன்சக்கரத்தையே முறைக்காமல் அவருடைய தோளுக்கு மேலாகப் பார்ப்பது, பிரேக்கைத் தொடாமல் கொஞ்சம் காற்றில் வெளியே வந்து வேகத்தைக் குறைப்பது, குழியைக் கையால் காட்டுவது, முழங்கை உரசினால் பதறாமல் இருப்பது, எல்லாம் ஒரு இரண்டு மாதத்தில் வந்துவிடும். பழகும் வரை திரும்பி ஏறி வராதீர்கள். கேரட் இறக்கிவிட்டு மேட்டுப்பாளையம் மண்டியில் இருந்து காலியாகத் திரும்பும் பிக்கப் எத்தனையோ இருக்கிறது, டிரைவருக்கு டீக்காசு கொடுத்தால் சைக்கிளையும் உங்களையும் ஏற்றிக்கொள்வார்.

மேலே இருக்கிற நாட்களில், ஒரே சீராக ஒன்றரை மணி நேரம் ஏறுவதை வாரத்துக்கு ஒருமுறையாகக் குறையுங்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே வரும். ரேஸ் கேட்பது திடீர் திடீர் என்று வேகம் எடுப்பதை. கட்டபெட்டு சாலையில் சுமாரான மேடாகப் பார்த்து 30 நொடி முழு மூச்சு, 30 நொடி லேசாக, இப்படிப் பத்து முறை, பிறகு பத்து நிமிடம் ஓய்வு, மறுபடி பத்து. வாரம் இரண்டு நாள் போதும். பள்ளி மைதானத்தில் இரண்டு கல் வைத்து யூ டர்ன் அடித்துப் பழகுங்கள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் பின்சக்கரத்தில் இருக்கிற கேசட்டை, அதாவது பல்சக்கர அடுக்கைப் பாருங்கள். சிறிய பல்சக்கரம் முன்னால் 34 பல், பின்னால் பெரியது 28 பல் என்று இருந்தால், செங்குத்தான இடத்தில் 9 கிலோமீட்டர் வேகத்துக்கு பெடல் நிமிடத்துக்கு அறுபது சுற்றுக்கும் கீழே போய்விடும், முழங்கால்தான் விலை கொடுக்கும். பின்னால் 34 போட்டால் எழுபதுக்கு மேல் சுற்றலாம். உங்கள் கியர் செட் அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கூடவே நல்ல டயர் ஒரு ஜோடி, புது பிரேக் கட்டைகள். கடன் தேவைப்படாது.

இறக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் அப்பா பார்த்தது என்ன என்று எனக்குப் புரிகிறது. சீட்டை விட்டு இறங்கி முன்கம்பியில் உட்கார்ந்து, நெஞ்சை ஹேண்டில்பார் மேல் படுக்கவைத்து வந்திருப்பீர்கள், வீடியோவில் பார்த்தது. அந்த உட்காரலை 2021-ல் சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ-யே பந்தயங்களில் தடை செய்துவிட்டது. வழி அடைத்த பந்தயச் சாலையில் தொழில்முறை வீரர்களுக்கே ஆகாது என்றால், எதிரே டூரிஸ்ட் வேனும் தேயிலை லாரியும் ஏறி வருகிற குஞ்சப்பனை சாலையில் உங்களுக்கு எதற்கு?

ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடியுங்கள், பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள், வெளிப்பக்கக் காலைக் கீழே வைத்து அதன் மேல் எடையைப் போடுங்கள், கண் வளைவு முடிகிற இடத்தில் இருக்கட்டும். தொடர்ந்து லேசாகப் பிரேக் பிடித்துக்கொண்டே வருவது பத்திரம் என்று நினைக்காதீர்கள், ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். அழுத்திப் பிடியுங்கள், விடுங்கள், மறுபடி பிடியுங்கள். மழையில் சக்கரத்தின் முதல் சில சுற்றுகள் ரிம்மில் இருக்கிற தண்ணீரைத் துடைக்கத்தான் ஆகும், அதற்கும் சேர்த்து முன்கூட்டியே பிடிக்க வேண்டும். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, கொண்டை ஊசி வளைவில் பஸ் மொத்தச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், நின்றுவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் இறங்கும்போது ஜெர்சிக்குள் நெஞ்சில் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், உடம்பு குளிர்ந்து விரல் மரத்துப்போனால் பிரேக்கே பிடிக்க வராது.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரவு ஷிஃப்ட் முடித்த காலையில் மலை இறங்கக் கூடாது, தூங்கி எழுந்து பிறகு பாருங்கள். விடியும் முன்பும் இறங்கக் கூடாது. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனை பக்கம் யானை எந்த வளைவில் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த இரண்டையும் அப்பாவிடம் நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள். சைக்கிளை விற்கும் பேச்சு தானாகக் குறையும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று, வெயில். கோத்தகிரிக் குளிரில் பயிற்சி எடுத்த உடம்பு கோவை வெயிலுக்குத் திணறும், வெயிலுக்குப் பழக பத்துப் பதினான்கு நாள் ஆகும். அவ்வளவு நாள் கீழே தங்க முடியாது என்றால், குறைந்தது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்பே குடிக்க ஆரம்பியுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் சொச்சம் இருக்கும், மீதியைப் பாட்டிலில் கரையுங்கள். கடலை மிட்டாய் நீண்ட சவாரிக்கு நல்லது, ரேஸ் வேகத்தில் மெல்லவும் முடியாது, ஜீரணமும் ஆகாது. வர்க்கி வேண்டவே வேண்டாம், அதில் இருக்கிற கொழுப்புக்கு வயிறு மல்லுக்கட்டும்.

டூர் ஆஃப் நீலகிரிஸ் 2008-ல் இருந்து நடக்கிறது, நல்ல அனுபவம், ஆனால் அது அடிப்படையில் பல நாள் சுற்றுப்பயணம், நடுவில் சில பகுதிகளுக்கு மட்டும் நேரம் பார்ப்பார்கள். 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டி ஏற்றம் உங்கள் உடம்புக்கென்றே போட்ட சாலை, அங்கே நீங்கள் நன்றாகவே செய்வீர்கள். ஒரு வாரம் லீவும் நுழைவுக் கட்டணமும் கையில் இருக்கிற வருடத்தில் போங்கள். இந்த வருடம் அதே பணத்தில் கீழே நான்கைந்து சின்ன ரேஸ்களில் ஓட்டலாம், உங்களுக்கு இப்போது தேவை அதுதான். அடுத்த ரேஸ் முடிந்ததும் எத்தனையாவதாக வந்தீர்கள் என்று எழுத வேண்டாம், எத்தனை யூ டர்னில் முதல் பன்னிரண்டு பேருக்குள் இருந்தீர்கள் என்று எழுதுங்கள்.