800 ராண்டை வைத்துக்கொண்டு பூனைக்குட்டிக்கு வைத்தியம் பார்க்க முடியுமா?

டர்பன், சேட்ஸ்வொர்த்தின் பேவியூவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பூனைக்குட்டி கிடந்தது. ஒன்றரை மாதக் குட்டி போலத் தெரிகிறது. பின்னங்கால் ஒன்றை இழுத்து இழுத்து நடக்கிறது, கண்ணில் பூளை கட்டியிருக்கிறது. தனியார் மருத்துவர் ஒருவரிடம் போனில் கேட்டேன். எக்ஸ்ரே, ஆபரேஷன் என்று பல ஆயிரம் ராண்ட் சொன்னார்கள். என்னிடம் இருப்பது 800. பக்கத்து வீட்டு அக்கா, பனாடோ மாத்திரையில் கால் துண்டு கொடு, வலி அடங்கும் என்கிறார். மகள் குட்டியை விடமாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?"

முதலில் அந்தப் பனாடோவை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். அதில் இருக்கிற பாரசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் கிட்டத்தட்ட இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும். நான் கிளினிக்கில் இருந்த காலத்தில் ஒரு தாத்தா தன் பூனையைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு பால் விடாத காப்பி மாதிரி பழுப்பாக இருந்தது, முகமும் பாதமும் வீங்கியிருந்தன. முந்தின இரவு கொடுத்தது ஒரே ஒரு மாத்திரை. மாற்று மருந்து உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். அந்தப் பூனை பிழைக்கவில்லை. தலைவலிக்குப் போடுகிற கிராண்ட்-பா பொடியும் கூடாது, அதில் பாரசிட்டமாலோடு ஆஸ்பிரினும் இருக்கிறது.

புண்ணைக் கழுவ ஜேஸ் ஃப்ளூயிட் என்கிற கிருமிநாசினி, டெட்டால் இரண்டும் வேண்டாம். நம் வீடுகளில் ஜேஸ் ஃப்ளூயிட் இல்லாத கொல்லைப்புறம் கிடையாது, ஆனால் பூனை தன்னையே நக்கி நக்கி அதை உள்ளே இறக்கிவிடும். அரை லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போதும். பஞ்சை அதில் நனைத்து, கண்ணில் ஒரு நிமிடம் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மறு கண்ணுக்கு வைக்காதீர்கள்.

அப்புறம் சூடு. இரண்டு லிட்டர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டு சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சுட்டால் மறுபாதிக்கு நகர அதற்கு இடம் வேண்டும். உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்கு உணவு ஊட்டக் கூடாது, வயிறு வேலை செய்யாது. முதலில் சூடு, பிறகே சாப்பாடு. இந்த வயதில் ஈரமான குட்டித் தீனியை நக்கித் தின்னும். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

சரி, பணத்துக்கு வருவோம். ஸ்ப்ரிங்ஃபீல்ட் பார்க்கில் இருக்கிற எஸ்.பி.சி.ஏ. என்கிற பிராணிகள் நலச் சங்கத்துக்குக் காலையிலேயே போன் போடுங்கள். குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்களா, என்னென்ன தாள் கொண்டு வரவேண்டும் என்று கேளுங்கள். இதுபோன்ற இடங்களில் பெரும்பாலும் வருமான அத்தாட்சியும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். சம்பளச் சீட்டு, வீட்டில் யாருக்காவது சாசா என்கிற அரசு உதவித்தொகை வந்தால் அந்த அட்டை, தண்ணீர்-மின்சார பில், இவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். ஒன்றை மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். "தெருவில் கிடந்தது" என்று ஒப்படைத்தால் குட்டி அவர்கள் பொறுப்பு. வைத்தியமா, கருணைக்கொலையா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். மகள் வளர்க்கப் போகிறாள் என்றால், வாசலிலேயே "இது எங்கள் குட்டி, வைத்தியம் மட்டும் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

அரசுக் கால்நடை மருத்துவ அலுவலகத்தையும் விசாரியுங்கள். 2016 முதல் படித்து முடிக்கிற இளம் மருத்துவர்கள் ஒரு வருடம் கட்டாய சமூக சேவை செய்கிறார்கள். அவர்களை நியமித்திருக்கிற கிளினிக் பக்கத்தில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

தனியாரிடமே போக நேர்ந்தாலும் வெட்கப்படாதீர்கள். நம் ஆட்கள் செய்கிற தப்பு, பில் வரும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுக் கவுன்டரில் திணறுவது. மேசையில் குட்டியை வைத்ததுமே, "டாக்டர், 800 ராண்டுக்கு மேல் முடியாது. இதற்குள் இன்றைக்கு எது அவசியம், எது காத்திருக்கலாம்?" என்று கேளுங்கள். பல மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வி நிம்மதிதான், அதற்கேற்ப வரிசைப்படுத்திச் செய்வார்கள். மதிப்பீட்டை எழுதி வாங்கி, அதில் 15 சதவீத வாட் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கட்டணம் ஏறும். இன்றைக்கு வியாழன் என்றால் சனி ராத்திரி வரை தள்ளிப்போட்டு இரண்டு மடங்கு அழாதீர்கள்.

ஆனால் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், ஈறு வெளுத்திருந்தால், ரத்தத்தோடு வயிற்றால் போனால், பின்னங்கால்களில் உணர்வே இல்லையென்றால் நேரம் பார்க்க வேண்டாம், கிளம்புங்கள்.

காலைப் பற்றி ஒரு நல்ல செய்தி. குட்டியின் எலும்பு வேகமாகக் கூடும். எலும்பு முறிவு என்றாலே கம்பி வைத்துத் தைக்கிற ஆபரேஷன் என்றில்லை. இடுப்பெலும்பு முறிவில் பல, சில வாரம் கூண்டுக்குள் அடைத்து ஓய்வு கொடுத்தாலே சேர்ந்துவிடும். சில முறிவுகளுக்குக் கட்டு போதும். கால் நசுங்கியே போயிருந்தால் அதை எடுத்துவிடுவது கம்பி வைப்பதைவிடப் பெரும்பாலும் மலிவு; மூன்று காலில் பூனை மதிலேறுவதை நானே பார்த்திருக்கிறேன். போனில் சொன்ன பல ஆயிரம் கணக்கு, குட்டியைத் தொட்டே பார்க்காமல் சொன்னது என்பதை மறக்காதீர்கள். நீங்களாகக் குச்சி வைத்து மட்டும் கட்டிவிடாதீர்கள், இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று உள்ள காலும் போகும்.

தெள்ளுப்பூச்சி மொய்த்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பேபி ஷாம்பூ போட்டுக் கழுவி, நெருக்கமான சீப்பால் சீவி, உடனே துவட்டிச் சூட்டில் வையுங்கள். இவ்வளவு சின்ன உடம்பில் அவை குடிக்கிற ரத்தமே உயிரைக் குடிக்கும். நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனைக்கு விஷம். போவதற்கு முன் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு மாத வயதுக்குச் சுமார் 450 கிராம் என்பது கணக்கு. எல்லா மருந்தும் எடையைப் பார்த்துத்தான்.

கடைசியாக மகளின் கை. குவாசுலு-நட்டாலில் வெறிநோய் இன்னும் இருக்கிறது. கடித்தோ கீறியோ இருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி போடவேண்டும். நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் அது சட்டப்படி கட்டாயம். அரசு முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள்.